உப்புநீரை உள்ளிழுத்தவர்கள்

ஆர்தர் ரான்ஸமின் 'ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்' நாவலைப் படித்தவர்கள் அதன் முதல் காட்சியை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஏரிக்கரையிலிருந்து மேலேறும் புல்வெளிச் சரிவில் ஏழு வயதுச் சிறுவன் ரோஜர் ஓடி வருகிறான். நேராக ஓடி வரவில்லை. எதிர்க்காற்றில் பாய்மரக் கப்பல் எவ்வாறு இடமும் வலமுமாக வளைந்து வளைந்து முன்னேறுமோ, அவ்வாறே வயலின் ஒரு வேலியிலிருந்து மறுவேலிக்குக் குறுக்காகப் போய்ப் போய் மேலே வருகிறான். அவன் அப்போது ஒரு கப்பல். காற்று எதிரே வீசுகிறது. கப்பலால் வேறென்ன செய்ய முடியும்?

1930இல் வெளிவந்த அந்நாவலின் ரோஜருக்கு மெய்யான ஒரு ரோஜர் இருந்தார். ரோஜர் அல்தூனியன் என்பது அவர் பெயர். 1922இல் பிறந்தவர். தந்தை எர்னஸ்ட் அல்தூனியன் அர்மீனிய வம்சாவளியினர், மருத்துவர், கவிஞர், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்தவரின் நண்பர். பாட்டனார் நிறுவிய மருத்துவமனை சிரியாவின் அலெப்போ நகரில் இருந்தது. தாய் டோரா, வரலாற்றுத் தத்துவம் பயின்றவர்கள் நன்கறிந்த ஆர். ஜி. காலிங்வுட்டின் சகோதரி. 1928ஆம் ஆண்டு அல்தூனியன் குழந்தைகள் வட இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரிக்கரைக்கு வந்து தங்கியபோது, குடும்ப நண்பரான ரான்ஸம் அவர்களுக்குப் படகு செலுத்தக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கோடையிலிருந்து முளைத்ததே நாவல்.

இந்த ரோஜரின் பெயரை நாம் இரண்டாம் முறையாகச் சந்தித்தது இலக்கிய நூல் எதிலும் அல்ல. 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான மிகச் சிறிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில். ஷோஃபல், ஆண்டர்சன், அல்தூனியன் என மூன்று பெயர்கள். வடித்தெடுத்த நீரையும், வெவ்வேறு அளவில் உப்புக் கரைத்த நீரையும் மிக நுண்ணிய துளிகளாக்கி மனிதர்களை உள்ளிழுக்கச் செய்தால் அவர்களுடைய மூச்சு என்னவாகும் என்பதே அக்கட்டுரையின் பொருள். ஆஸ்துமா நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் அனைவரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நம்மை நிறுத்தி வைத்தது அதே கட்டுரையில் வரும் மற்றொரு கூட்டம்: நோயற்ற, ஆரோக்கியமான மனிதர்கள். அவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றுமே நேரவில்லை. இந்த 'ஒன்றுமே நேரவில்லை' என்ற எளிய செய்தியை வந்தடைய ஐரோப்பிய மருத்துவத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன என்பதே இங்கே நாம் சொல்ல வந்தது.

உப்புக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்பது பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை மரத்தாலும் முள்ளாலும் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டுமானால் போலந்தின் சியெஹோசினெக் நகருக்குப் போகலாம். 1824இலிருந்து 1859க்குள் அங்கே எழுப்பப்பட்ட மூன்று மரச்சுவர்கள் ஏறத்தாழ 16 மீட்டர் உயரமும், மொத்தமாக ஒன்றே முக்கால் கிலோமீட்டரை நெருங்கும் நீளமும் கொண்டவை. சுவர் முழுவதும் முட்செடிக் குச்சிகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீரை உச்சியிலிருந்து சொட்டவிடுவார்கள். அது முட்களில் பட்டுச் சிதறி, காற்றில் நீர் ஆவியாகி, கீழே வந்து சேரும்போது உப்புச் செறிவு கூடியிருக்கும். பிறகு அதைக் காய்ச்சினால் விறகு மிச்சம். ஆக, இது உப்புக் காய்ச்சும் தொழிலுக்காகச் செய்யப்பட்ட சிக்கன ஏற்பாடு. மருத்துவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சுவரோரமாக நடந்தவர்கள் கடற்கரையில் நிற்பதுபோல் உணர்ந்தார்கள். இருமல்காரர்கள் வந்து உலவத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இவ்வகை ஊர்கள் நோயாளிகளின் புகலிடங்களாயின.

போலந்திலேயே வியலிச்கா உப்புச் சுரங்கத்தின் மருத்துவர் ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி 1843இல் ஒரு நூல் எழுதினார். சுரங்கத் தொழிலாளர்களுக்கு நெஞ்சு நோய் குறைவாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. உப்புத் தூசி கலந்த காற்றே காரணம் என்றார். அவருடைய கவனிப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூச்சு முட்டுபவன் சுரங்க வேலைக்கே வரமாட்டான், வந்தாலும் நீடிக்க மாட்டான் என்ற எளிய ஐயத்தை அந்தக் காலத்தில் எழுப்பியவர் அதிகமில்லை. ஆரோக்கியமானவர்களே சுரங்கத்தில் எஞ்சுகிறார்கள். எஞ்சியவர்களைப் பார்த்து உப்பு அவர்களைக் காத்தது என்கிறோம்.

பாரிஸில் 1858இல் ஸால்ஸ்-ஜிரோன் என்ற மருத்துவர் கையால் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கருவியை மருத்துவ அகாதெமியின் முன் வைத்தார். சைக்கிள் பம்பைப் போலக் கைப்பிடியை அழுத்தினால் ஊற்றுநீர் மெல்லிய தாரையாகப் பீச்சி, ஒரு தகட்டில் மோதித் தூளாகும். இன்றைய நெபுலைசருக்கு மூதாதை அது. நோயாளி நீரூற்றைத் தேடிப் போகவேண்டியதில்லை; நீரூற்று நோயாளியின் மேசைக்கு வரும். அகாதெமியில் பெரும் விவாதம் எழுந்தது. இந்தத் துளிகள் உண்மையில் நுரையீரலுக்குள் போகின்றனவா, அல்லது தொண்டையிலேயே படிந்துவிடுகின்றனவா? நல்ல கேள்வி. ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் பெரிதான துளிகளில் பெரும்பாலானவை தொண்டையைத் தாண்டுவதில்லை என்பதை நாம் இன்று அறிவோம். அக்காலக் கருவிகள் எழுப்பிய துளிகளுக்கு அளவுக் கட்டுப்பாடு ஏதுமில்லை. அவற்றில் எவ்வளவு உள்ளே போனது என்பது தெரியாது. போனது என்ன செய்தது என்பதை அளக்கவும் எவரும் முயலவில்லை.

வியப்பு என்னவென்றால், அளக்கும் கருவி அப்போதே இருந்தது. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1846இல் தம்முடைய ஸ்பைரோமீட்டரைப் பற்றி நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டிருந்தார். நீரில் கவிழ்த்த மணிக்கலம். அதற்குள் ஒரு குழாய். மூச்சை முழுதாக இழுத்து முழுதாக ஊதினால் கலம் எழும்பும். எழும்பிய அளவே நுரையீரலின் கொள்ளளவு. ஹட்சின்சன் 2,130 பேரை ஊதச் செய்தார். மாலுமிகள், தீயணைப்போர், காவலர், மல்லர், குத்துச்சண்டைக்காரர், அச்சுத் தொழிலாளர், அநாதை விடுதியில் இருந்த ஏழைகள், கனவான்கள் என லண்டனின் குறுக்குவெட்டே அவர் பட்டியலில் இருக்கிறது. உயரம் ஓர் அங்குலம் கூடினால் கொள்ளளவு எட்டுக் கன அங்குலம் கூடுகிறது என்று கண்டுபிடித்தார். நோயை அறிய முதலில் நோயற்றவனை அளக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தப் பட்டியலின் அடியில் இருக்கிறது. நாம் மிகவும் மதிக்கும் எண்ணம் அது. ஆனால் ஹட்சின்சன் 1852இல் ஏனோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பின்னர் ஃபிஜித் தீவுகளுக்குப் போய் அங்கே 1861இல் இறந்தார். நூறாண்டு கழித்து, 1947இல், பாரிஸில் டிஃபெனோவும் பினெல்லியும் அந்த அளவையில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார்கள்: மொத்தம் எவ்வளவு ஊதினாய் என்பதைவிட முதல் ஒரு நொடியில் எவ்வளவு ஊதினாய் என்று பார். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் மொத்த அளவு அதிகம் குறையாவிட்டாலும் முதல் நொடியின் அளவு குறைந்துவிடும். அடைப்பட்ட குழாயில் தண்ணீர் மெதுவாக வருவதைப் போல. இனி இக்கட்டுரையில் 'முதல் நொடி அளவு' என்று நாம் குறிப்பிடுவது இதையே.

உப்புநீர் என்றால் எவ்வளவு உப்பு என்ற கேள்விக்கு இன்னொரு பாதையில் விடை வந்தது. 1831–32இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது வில்லியம் ஓ'ஷாஹ்னஸி என்ற இளைஞர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் வற்றிப்போயிருப்பதைக் காட்டினார். (இவரே பிறகு கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி, கஞ்சாவின் மருத்துவப் பயனை மேற்கத்தியருக்கு எழுதிக்காட்டி, இந்தியாவில் தந்திக் கம்பியும் இழுத்தவர். ஒரே ஆளுக்கு இத்தனை வாழ்க்கை.) அவர் சொன்னதைக் கேட்டு ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லட்டா 1832இல் நோயாளிகளின் நரம்பில் உப்புநீரைச் செலுத்தினார். எவ்வளவு உப்பு என்பதில் எவருக்கும் உறுதியில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் ஸிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்கச் செய்தபோது, உதவியாளர் வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்நீரைப் பயன்படுத்தியதால்தான் அது துடித்தது என்றும், குழாய்நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தே காரணம் என்றும் பின்னர் தெரிய வந்தது. இறுதியாக ஹாலந்தின் ஹாம்பர்கர் சிவப்பணுக்களை வெவ்வேறு உப்புக் கரைசல்களில் இட்டுப் பார்த்தார். உப்புக் குறைந்தால் நீர் உள்ளே புகுந்து அணு வீங்கி வெடிக்கிறது, மிகுந்தால் நீர் வெளியேறி அணு சுருங்குகிறது, நூற்றுக்கு 0.9 என்ற அளவில் எதுவும் நடப்பதில்லை. இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் தொங்கும் 'நார்மல் ஸலைன்' பையின் கதை இதுதான். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீத உப்பு இருக்கிறது என்பதை ஒப்பிட்டுக்கொள்க.

இங்கே ஒரு சிறு விலகல். நம் வீடுகளில் சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோம். கொதிக்கும் நீரில் நொச்சியிலையோடு ஒரு கை கல்லுப்பையும் போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. உப்பு நீரோடு ஆவியாவதில்லை. பானையின் அடியிலேயே தங்கிவிடும். போர்வைக்குள் நாம் இழுப்பது கிட்டத்தட்ட வடித்த நீரைத்தான். உப்பு மூச்சுக்குள் போகவேண்டுமானால் நீரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை, உடைத்துத் தூளாக்கவேண்டும். ஸால்ஸ்-ஜிரோன் செய்ய முயன்றது அதுவே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த அல்ட்ராஸானிக் நெபுலைசர் அதைச் செவ்வனே செய்தது. காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் நீரின் மேற்பரப்பை நடுங்கச் செய்து, சிறு மூச்சுக்குழாய் வரை செல்லும் அடர்ந்த பனிமூட்டத்தை அது எழுப்பியது.

இனி மீண்டும் ரோஜர் அல்தூனியன். கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவராக இருந்தார். ஆஸ்துமா அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1956இல் இங்கிலாந்தின் பெங்கர்ஸ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மத்தியதரைக்கடல் கீழ்க்கரையில் வளரும் ஒரு செடியின் விதையிலிருந்து கிடைக்கும் கெல்லின் என்ற பொருளைத் திருத்தித் திருத்தி வேதியியலாளர்கள் புதுப்புதுச் சேர்மங்களைச் செய்துகொடுத்தார்கள். அவற்றை யாரிடம் சோதிப்பது? வழக்கமாக ஆய்வுக்கூடத்தில் கினிப்பன்றியிடம் சோதிப்பார்கள். அல்தூனியனுக்கு அதில் நம்பிக்கையில்லை. கினிப்பன்றியின் மூச்சுத்திணறல் மனிதனின் ஆஸ்துமா அல்ல என்பது அவர் கட்சி. அவருக்கோ கினிப்பன்றியின் மயிரும் செதிலும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே அவற்றை ஊறவைத்த சாற்றைத் தாமே உள்ளிழுத்து, ஆஸ்துமாவை வரவழைத்துக்கொண்டு, ஸ்பைரோமீட்டரில் ஊதினார். இன்னொரு நாள் புதுச் சேர்மத்தை முதலில் இழுத்துவிட்டு, அதே சாற்றை இழுத்து, மறுபடியும் ஊதினார். இப்படிப் பல ஆண்டுகள். சோதனை விலங்கின் இடத்தில் மனிதனும், ஒவ்வாத பொருளின் இடத்தில் சோதனை விலங்கும் இருந்த வினோதமான ஆய்வுக்கூடம் அது.

1965இல் க்ரோமோகிளைகேட் என்ற பொருள் உருவானது. மூச்சுக்குழாய்ச் சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்கள் சீண்டப்படும்போது ஹிஸ்டமின் முதலானவற்றை உமிழ்கின்றன. அதனால் குழாய்த் தசைகள் இறுகுகின்றன. இம்மருந்து அந்த உமிழ்வைத் தடுத்தது. வழக்கமான விலங்குச் சோதனைகளில் அது தோற்றிருக்கும். ஒரு மனிதனின் நெஞ்சில்தான் அது தன்னை வெளிப்படுத்தியது. 'இன்டால்' என்ற பெயரில் 1960களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. மருந்து தூளாக இருந்ததால் அதை உள்ளே அனுப்ப ஒரு கருவி வேண்டியிருந்தது. நோயாளி மூச்சை இழுக்கும்போதே சிறு விசிறி சுழன்று தூளைப் பறக்கச் செய்யும் ஸ்பின்ஹேலரை விமானி அல்தூனியனே வடிவமைத்தார். விமானத்தின் சுழல்விசிறியைப் பார்த்துக் கிடைத்த யோசனை என்பார்கள். நாமோ, காற்றை நம்பிப் படகோட்டிய சிறுவன் என்றும் அதைப் பார்க்கிறோம்.

ஒவ்வாத பொருளை இழுத்தால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டுவது புரிகிறது. எவருக்கும் ஒவ்வாமை தராத வெறும் நீரை இழுத்தால்? 1980இல் இத்தாலியின் அலெக்ராவும் பியான்கோவும் அல்ட்ராஸானிக் கருவியில் வடித்த நீரைப் பனிமூட்டமாக்கி ஆஸ்துமா நோயாளிகளிடம் கொடுத்தார்கள். மூச்சுக்குழாய்கள் இறுகின. தூய நீர், உலகிலேயே மிக அப்பாவியான பொருள், மூச்சை அடைத்தது. நீர் காரணமா, நீரில் உப்பு இல்லாதது காரணமா?

அடுத்த ஆண்டு வெளியான மூவர் கட்டுரை இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. அந்த மூவரில் ஸாண்ட்ரா ஆண்டர்சன் ஸிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையைச் சேர்ந்தவர். உப்பே இல்லாத நீர், உப்புக் குறைந்த நீர், இரத்தத்துக்கு இணையான 0.9 சதவீத நீர், அதைவிட மிகுந்த உப்புநீர் என வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகக் கூட்டி இழுக்கச் செய்து முதல் நொடி அளவைக் குறித்தார்கள். ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சு உப்புக் குறைந்த நீரிலும் இறுகியது, உப்பு மிகுந்த நீரிலும் இறுகியது. நடுவிலிருந்த சமநீரை மட்டும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆக, குற்றவாளி நீரும் அல்ல, உப்பும் அல்ல. மூச்சுக்குழாயின் மேலே பரவியிருக்கும் மெல்லிய ஈரத்தின் செறிவு எந்தப் பக்கம் மாறினாலும் அந்த நுரையீரல் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்கிறது. ஹாம்பர்கரின் சிவப்பணுக்கள் அடைந்த வீக்கமும் சுருக்கமும் இங்கே வேறொரு வேடத்தில் வருகின்றன.

ஆரோக்கியமானவர்களோ அதே நீர்களை இழுத்தார்கள், ஊதினார்கள், கோடு ஏறத்தாழ நேராகவே போயிற்று. இதில் எளிதில் தவறவிடக்கூடிய ஒரு நுட்பம் உண்டு. ஆரோக்கியமான நுரையீரலுக்குள் எதுவும் நுழையவில்லை என்பதல்ல. அதே மூட்டம் அதே குழாய்களில் படிந்தது. அதே சவ்வூடு பரவல் விசை செல்களிலிருந்து நீரை இழுத்தது. தொண்டை கரகரத்தது; இருமலும் வந்தது. ஆனால் தசை இறுகவில்லை. மாறுதலை உடல் சரிசெய்துகொண்டது, எவரையும் எழுப்பாமல். கடல்நீரை ஒத்த செறிவிலேயே இப்படி. உப்புக்காற்று ஆரோக்கியமானவரின் மூச்சைப் பெருக்கும் என்ற நீரூற்று நகரங்களின் வாக்குறுதியும் இதே கோட்டில் அடிபட்டுப் போகிறது. கோடு கீழே இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை.

இந்த நேர்கோடு இருந்ததால்தான் இச்சோதனை ஒரு கருவியாயிற்று. எல்லோரையும் மூச்சுமுட்டச் செய்யும் பொருளால் யாருக்கு ஆஸ்துமா என்று பிரித்தறிய இயலாது. 4.5 சதவீத உப்புநீரை அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று நேரத்தை இரட்டித்து இழுக்கச் செய்து, முதல் நொடி அளவு 15 சதவீதம் விழுகிறதா என்று பார்க்கும் முறை ஆஸ்திரேலியாவில் நிலைபெற்றது. முன்பு ஆஸ்துமா இருந்தவர்கள் ஆழ்கடல் மூழ்கலுக்குத் தகுதியானவர்களா என்று அறியவும் அதைப் பயன்படுத்தினார்கள். மூழ்குபவரின் வாய்க்கருவி சற்றே பழுதானாலும் கடல்நீர் மூட்டமாக உள்ளே வரும் அல்லவா? ஆஸ்திரேலியக் கடற்படை மருத்துவர் கார்ல் எட்மண்ட்ஸ் 1970இலேயே இதை எழுதியிருந்தார். நல்ல திடகாத்திரமான மூழ்காளிகள் இப்படிக் கடல்நீரை இழுத்துவிட்டுக் கரையேறிய சிறிது நேரம் கழித்து இருமல், நடுக்கம், காய்ச்சல், உடல்வலி, மூச்சிரைப்பு என்று படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும். ஆரோக்கியமான நுரையீரலின் பொறுமைக்கும் அளவு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆண்டர்சன் இதோடு நிற்கவில்லை. ஓடும்போது ஆஸ்துமாக்காரக் குழந்தைக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது அவரை நெடுநாள் தொந்தரவு செய்த கேள்வி. ஓடுகிறவர் வாயால் பெருமூச்சு விடுகிறார். வறண்ட காற்றை ஈரப்படுத்தி ஈரப்படுத்தி மூச்சுக்குழாயின் ஈரம் வற்றுகிறது. வற்றினால் எஞ்சியதில் உப்புச் செறிவு கூடுகிறது. ஆக, ஓட்டம் என்பது உள்ளேயே உப்புநீரை உண்டாக்கிக்கொள்வது. 1984இல் அவர் முன்வைத்த இவ்விளக்கம் முட்சுவரில் சொட்டி வற்றிய உவர்நீரை நமக்கு நினைவூட்டுகிறது. க்ரோமோகிளைகேட் ஓட்டத்தால் வரும் இறுக்கத்தையும் தடுத்தது, உப்புநீரால் வருவதையும் தடுத்தது. இரண்டும் ஒரே வழியில் வருகின்றன என்பதற்கு அது ஒரு சாட்சி. இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாகவே, உப்புநீருக்குப் பதில் மானிட்டால் என்ற சர்க்கரைத் தூளை உள்ளிழுக்கும் சோதனையை ஆண்டர்சன் குழுவினர் 1997இல் வெளியிட்டார்கள். அல்தூனியன் அதைப் பார்க்கவில்லை. 1987இல், அறுபத்தைந்தாவது வயதில் இறந்துவிட்டார்.

மூச்சின் வேகத்தில் மாறுதல் இல்லை என்றால் நுரையீரலில் மாறுதலே இல்லை என்று பொருளாகுமா? இல்லை என்பது பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளிப்படலத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஸிட்னியின் டவிஸ்கஸும் ஆண்டர்சனும் மற்றவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், செறிவான உப்புநீர் மூட்டத்தை இழுத்தபின் ஆஸ்துமாக்காரர்களிடம் மட்டுமன்றி ஆரோக்கியமானவர்களிடமும் இந்தச் சளியோட்டம் விரைவடைந்தது. உப்பு தன்பால் நீரை ஈர்க்கிறது. படலம் நீர்த்து இளகுகிறது. நுண்மயிர்களுக்கு வேலை எளிதாகிறது. சளியே வராத ஆரோக்கியமானவரிடமிருந்தும் உப்புநீர் மூட்டத்தால் சளியை வரவழைத்து, அதன் செல்களை எண்ணிப் பார்க்கும் முறையைக் கனடாவின் ஹாமில்டன் குழுவினர் 1992இல் வெளியிட்டனர். 2004இல் டேவிட் எட்வர்ட்ஸ் குழுவினரின் ஆய்வு இன்னும் விசித்திரமானது. நாம் ஒவ்வொருவரும் சும்மா மூச்சு விடும்போதே கண்ணுக்குத் தெரியாத துளிகளை வெளியிடுகிறோம். சிலர் மிக அதிகமாக வெளியிடுகிறார்கள். பதினோரு ஆரோக்கியமானவர்களைக் கொண்ட அச்சோதனையில், சமச்செறிவு உப்புநீரைச் சில நிமிடங்கள் இழுத்த பிறகு, அதிகம் வெளியிடுவோரிடம் அடுத்த ஆறு மணிநேரத்துக்குத் துளிகள் ஏறத்தாழ 72 சதவீதம் குறைந்தன. 0.9 சதவீத உப்புநீர் 'எதுவும் செய்யாத' பொருள் என்று நம்பி, மருந்து ஆய்வுகளில் அதை வெற்று மருந்தாகப் பல்லாண்டுகள் கொடுத்து வந்தவர்கள் இதைப் படித்து என்ன நினைத்திருப்பார்கள்?

நீரூற்று நகரங்களும் உப்புக் குகைகளும் என்னவாயின என்று வாசகர் கேட்கலாம். வியலிச்காவில் 1964இல் ஸ்குலிமோவ்ஸ்கி என்ற மருத்துவர் சுரங்கத்தின் அடியிலேயே ஒவ்வாமை நோய்களுக்கான சிகிச்சையிடம் தொடங்கினார். இன்று பெருநகரங்களில் சுவருக்கு உப்புப் பூசிய குளிர்பதன அறைகளில் மணிக்கணக்குக்குக் காசு வாங்குகிறார்கள். குகை மருத்துவம் ஆஸ்துமாவுக்கு உதவுமா என்று 2001இல் காக்ரேன் ஆய்வாளர்கள் தேடியபோது, தகுதி பெற்றவை மூன்றே சோதனைகள், மொத்தம் 124 குழந்தைகள். அவற்றில் ஓரளவு ஒழுங்காகச் செய்யப்பட்டது ஒன்று. முடிவு சொல்லப் போதாது என்று எழுதினார்கள். ஆஸ்துமாக்காரருக்குச் செறிவான உப்பு மூச்சை இறுக்கும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும், 'இயற்கையானது, எல்லோருக்கும் நல்லது' என்று விளம்பரம் செய்வதை நாம் பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறோம்.

ஆயினும் கடற்காற்றின் பழைய நம்பிக்கை ஓரிடத்தில் மெய்யாயிற்று. அதுவும் ஆஸ்திரேலியாவில்தான். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்பது பிறவியிலேயே வரும் நோய். உப்பையும் நீரையும் செல்லின் வாயிலில் கடத்தும் புரதம் பழுதானதால் மூச்சுக்குழாயின் ஈரம் வற்றிச் சளி பசைபோல் இறுகி, கிருமிகள் குடியேறி, நுரையீரலைச் சிறுகச் சிறுக அழிக்கும். இந்நோயோடு வாழ்ந்தவர்களில் கடலலையில் பலகைச் சறுக்கு விளையாடுபவர்கள் சற்று நலமாக இருப்பதாக மருத்துவர்கள் கவனித்தார்கள். போச்கோவ்ஸ்கியின் சுரங்கத் தொழிலாளர் கதை போலவே இதுவும் ஏமாற்றக்கூடிய கவனிப்புத்தான்; நலமாக இருப்பவன்தானே அலையில் ஏறுவான்? ஆனால் இம்முறை கவனிப்போடு நிறுத்தவில்லை. எல்கின்ஸ், பை முதலானோர் 164 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 7 சதவீத உப்புநீர், மறு பிரிவுக்கு 0.9 சதவீத உப்புநீர். நாளுக்கு இருமுறை, 48 வாரங்கள். 2006இல் முடிவு வெளியாயிற்று. நுரையீரல் அளவுகள் காலப்போக்கில் மாறும் வேகத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணவில்லை. செறிவான உப்புநீரை இழுத்தவர்களின் முதல் நொடி அளவு மற்றவர்களைவிடச் சராசரியாக 68 மில்லிலிட்டர் கூடுதலாக இருந்தது. ஒரு தேநீர்க் குவளைக்கும் குறைவு. ஆனால் நோய் திடீரென முற்றிப் படுக்கையில் விழும் தருணங்கள் பாதிக்குமேல் குறைந்தன. கோட்டில் தெரிந்தது சிறிது. வாழ்க்கையில் தெரிந்தது பெரிது.

அந்நோயாளிகளுக்கு உப்புநீரைத் தருமுன் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை முதலில் கொடுத்தார்கள்; இன்றும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். உப்பு சிலருக்கு மூச்சை இறுக்கும் என்பது 1981லிருந்து தெரிந்ததுதானே. அதன்பின் நோயாளி நெபுலைசரை வாயில் வைத்துக் கால்மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்து, கடலைவிட இருமடங்கு உவர்ப்பான மூட்டத்தை இழுக்கிறார். கரகரத்துக்கொண்டு இருமல் வருகிறது. இருமட்டும் என்றே விடுகிறார்கள். மாலையில் மறுபடியும்.